குவாண்டம் வெற்றிடத்தை வைத்துக் கரும்பொருளை விளக்க முடியுமா? எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இது தேறுமா?

கோபிக்காரி:

வணக்கமுங்க. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருசம். நாலு மாசத்துல முடியற மாதிரி ஒரு புராஜெக்ட் செய்யோணும். "மாற்று ஈர்ப்புக் கொள்கைகள்"னு தலைப்பு குடுத்தாச்சு, உள்ளே என்ன வைக்கறதுங்கறதுல தான் குழப்பம். கையில ஒரு லேப்டாப், பைத்தான், அவ்வளவுதானுங்க.

ரொம்ப இழுத்தது டிராகன் ஹைடுகோவிச்சோட யோசனை. வெற்றிடத்துல தோணித் தோணி மறையற துகள், எதிர்த்துகள் ஜோடி ஒவ்வொண்ணும் ஒரு ஈர்ப்பு இருமுனை. சாதாப் பொருள் துகளை இழுக்கும், எதிர்த்துகளைத் தள்ளும். கேலக்ஸியைச் சுத்தி இந்த இருமுனைகள் வரிசை கட்டி நின்னா, கரும்பொருள் இருக்கற மாதிரியே தெரியும்ங்கறார். புதுத் துகள் எதையும் தேட வேண்டியதில்லை. முடுக்கம் ஒரு எல்லைக்குக் கீழே போனா ஈர்ப்பு விதியே மாறும், கரும்பொருள் வேண்டாம்ங்கறது மில்க்ரோமோட "மாண்ட்" கொள்கை; கணக்குப் போட்டா அவர் சொல்ற அந்த எல்லை முடுக்கம், 1.2 × 10⁻¹⁰ மீ/வி², அதுக்குப் பக்கத்துலயே வருது. இது தற்செயலா வருமாங்க?

இன்னொரு பக்கம், அதே வெற்றிடத்தோட ஆற்றலைக் கூட்டினா 120 சுழி தப்பு வருதுன்னு எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு. வெற்றிடத்துல நெருக்கி வெச்ச ரெண்டு உலோகத் தகடு ஒண்ணையொண்ணு இழுக்கற காசிமிர் விசையை அளந்தாச்சே, அப்ப அந்த ஆற்றல் நிஜம் தானே? இதை வெச்சே புராஜெக்ட் பண்ணலாமா, இல்லை மாண்ட் பக்கம் போயிடறதா? போனா எந்தத் தரவு, எங்கே சறுக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்ப்படம்:

அம்மிணி, அந்த 10⁻¹⁰ எங்கிருந்து வருதுன்னு ஒருக்கா கையால போட்டுப் பாருங்க, மயக்கம் தெளிஞ்சுரும்.

வலிய விசையோட சம்பந்தப்பட்ட பயான்ங்கற துகளை எடுத்துக்கறாங்க. அதோட காம்ப்டன் அலைநீளம் (நிறையை வெச்சு ஒரு துகளுக்குக் கிடைக்கற நீளம்) 8.9 × 10⁻¹⁵ மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு கனசதுரம், அதுக்குள்ள ஒரு இருமுனை. ஒரு இருமுனையோட திருப்புத்திறன் அதிகபட்சம் ஹெச்-பார் (பிளாங்க் மாறிலியை 2 பை-யால வகுத்தது) வகுத்தல் ஒளிவேகம், அதாவது 3.5 × 10⁻⁴³ கிலோகிராம் மீட்டர். கனசதுரத்தோட கொள்ளளவு 7 × 10⁻⁴³ கன மீட்டர். வகுத்தா சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. அதை 4 பை ஜி-யால (ஜி ஈர்ப்பு மாறிலி) பெருக்கினா 4 × 10⁻¹⁰ மீ/வி². மில்க்ரோம் எண்ணுக்கு மூணு மடங்கு எச்சு. முன்னாடி நிக்கற எண்ணைக் கொஞ்சம் அசைச்சா இன்னும் கிட்ட வந்துரும்.

இப்ப பயானைத் தூக்கிட்டு எலக்ட்ரானை வையுங்க. இந்த விடை நிறையோட மூன்றாம் அடுக்குல மாறும். பயான் எலக்ட்ரானைப் போல 273 மடங்கு; 273-ஐ மூணு தடவை பெருக்கினா 2 கோடி. துகளை மாத்தினதும் விடை 2 கோடியில ஒரு பங்காச் சுருங்கிருது. அப்ப பயான்ங்கறது கொள்கை குடுத்த விடை இல்லை, விடைக்காகப் பொறுக்கின துகள். வலிய விசையோட வெற்றிடம் தான் ஆதிக்கம் செலுத்தும்னு அவங்க தரப்புல சொல்லுவாங்க. அது ஒரு நியாயம், சரி. கணக்கு இல்லை.

"தற்செயலா வருமா"ன்னு கேட்டீங்க. பயான் நிறையோட மூன்றாம் அடுக்கை ஹெச்-பார், ஜி, ஒளிவேகம், அண்டம் விரியற வேகத்தைச் சொல்ற ஹப்பிள் மாறிலி நாலையும் வெச்சே ஏறக்குறைய எழுதிரலாம்னு இயற்பியலாளர் வைன்பெர்க் 1972லயே சுட்டிக் காட்டியிருக்கார். மில்க்ரோம் எண்ணும் ஒளிவேகத்தை ஹப்பிள் மாறிலியால பெருக்கி 2 பை-யால வகுத்ததுக்குப் பக்கத்துல தான் நிக்குது: 1.05 × 10⁻¹⁰. இந்த ரெண்டு தற்செயலையும் சேத்துக் கட்டினா மூணாவதா ஒண்ணு வரத்தான் செய்யும். புதுச் சாட்சி யாரும் வரலை, பழைய சாட்சியே வேட்டி மாத்திட்டு வந்து நிக்குது.

அப்புறம் அடிப்படைக்கே வேட்டு. எதிர்த்துகளைப் பூமி தள்ளோணுமே? 2023 செப்டம்பர்ல சேர்ன் ஆல்ஃபா-ஜி குழு எதிர் ஹைட்ரஜனை விட்டுப் பாத்தாச்சு. நிமிர்ந்து நிக்கற காந்தப் பொறி, ஒரு தடவைக்கு நூறு அணு போல. மேல ஒரு சுருள், கீழ ஒரு சுருள். ரெண்டோட மின்னோட்டத்தையும் 20 விநாடியில மெல்ல இறக்கி, அணுக்கள் எந்தப் பக்கம் தப்பிச்சுப் போகுதுன்னு எண்ணறது. வேலை நுணுக்கமானது: 25 செ.மீ. உயரத்துக்கு ஈர்ப்பு குடுக்கற ஆற்றல் வித்தியாசம், காந்தப்புலத்துல வெறும் 4.5 காஸ் வித்தியாசத்துக்குச் சமம். மேல் சுருளும் கீழ்ச் சுருளும் அதைவிட நல்லா ஒத்துப் போகலைன்னா, ஈர்ப்புன்னு நினைச்சு சுருளோட கோணலைத் தான் அளப்போம். சுருள்களைச் சமமா வெச்சு விட்டப்போ ஏறக்குறைய 80% கீழே வந்துச்சு. கிடைச்ச முடுக்கம், நம்ம புவியீர்ப்பு முடுக்கத்துல 0.75 பங்கு, அளவீட்டுப் பிழை 0.13, உருவகக் கணக்குப் பிழை 0.16. பூமி தள்ளியிருந்தா வர வேண்டிய மைனஸ் 1 எங்கயோ வெளியில கிடக்கு.

எடைமேடை:

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம். ஆல்ஃபா-ஜி எடை போட்டது முழு எதிர் அணுவை. எதிர்ப்புரோட்டானின் நிறையில் எதிர்க்குவார்க்குகளின் சொந்த நிறை சுமார் 1 சதவீதம்தான். மற்றதெல்லாம் கட்டிப்போட்ட ஆற்றல். "அந்த 1 சதவீதம் மட்டும் எதிராக விழுகிறது" என்று ஒருவர் வாதிட்டால் 0.75 என்ற அளவீடு அவரை நேரடியாக மறுக்காது. ஆனால் அந்தச் சந்துக்குள் ஒளிந்தால், இருமுனைக்குப் பயானின் முழு நிறையையும் எடுத்துக்கொள்ள முடியாது. குவார்க்கின் சொற்ப நிறைதான் மிஞ்சும். பிறகு 10⁻¹⁰ வராது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

இனிக் காசிமிர். பெருந்துறை மஞ்சள் வளாகத்துக்குப் போகும் லாரியை எடைமேடையில் இரண்டு தடவை ஏற்றுவார்கள், சரக்கோடு ஒரு தடவை, வெறும் வண்டியாக ஒரு தடவை. காசு பேசுவது வித்தியாசத்துக்கு. வண்டி ஏழு டன்னா எட்டு டன்னா என்பது வியாபாரிக்குத் தேவையில்லை. ஆனால் அந்த லாரி பவானி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பாலம் சுமப்பது மொத்த எடையை. துகள் இயற்பியல் வியாபாரி மாதிரி, ஈர்ப்பு பாலம் மாதிரி. காசிமிர் விசை வித்தியாசத்தை அளக்கிற சோதனை: தகடுகள் இந்த இடைவெளியில் இருக்கும்போது எவ்வளவு, கொஞ்சம் தள்ளினால் எவ்வளவு. மொத்த எடை பற்றி அது வாயே திறப்பதில்லை.

அளவு தெரிந்துகொள்ளுங்கள். இலட்சியக் கடத்திகளாக இரு தகடுகள், இடைவெளி 1 மைக்ரான் என்றால் அழுத்தம் 1.3 மில்லிபாஸ்கல். நான்காம் அடுக்கில் ஏறுவதால் 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல். 10 நானோமீட்டரில் சூத்திரப்படி வளிமண்டல அழுத்தமே வந்துவிடும். நிஜ உலோகத்தில் அவ்வளவு வராது, அந்த அலைநீளங்களில் உலோகம் இலட்சியக் கடத்தி அல்ல. லாமரோ 1997இல் முறுக்குத் தராசை வைத்து மைக்ரான் அளவு இடைவெளிகளில் அளந்தார். ஜாஃபே 2005இல் காட்டியது இன்னும் முக்கியம்: இதே விசையைத் தகடுகளிலுள்ள மின்னூட்டங்களுக்கும் மின்னோட்டங்களுக்கும் இடையிலான விசையாக, சுழிநிலை ஆற்றல் (வெற்றிடத்திலும் மிஞ்சும் குறைந்தபட்ச ஆற்றல்) என்ற பேச்சே எடுக்காமல் கணக்கிடலாம். காசிமிரின் சூத்திரத்தில் மின்னூட்டம் கண்ணில் படாததற்குக் காரணம், அது கடத்துதிறன் முடிவிலிக்குப் போகும் எல்லை என்பதுதான்.

அந்த "120 சுழி" பற்றி. பிளாங்க் அளவில் (நாம் அறிந்த இயற்பியல் செல்லுபடியாகும் மிகச் சிறிய நீளத்தில்) வெட்டிவிட்டுச் சுழிநிலை ஆற்றலைக் கூட்டினால், முன்னெண்ணை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, கன மீட்டருக்கு 10¹¹³ ஜூல் அக்கம்பக்கம் வரும். அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலாக அளந்தது 5.3 × 10⁻¹⁰ ஜூல். வகுத்தால் 120க்கு மேல் சுழி. ஆனால் தேர்வில் எழுதுவதோடு இதை விட்டுவிடுங்கள். அப்படி வெட்டுவது சார்பியல் சமச்சீரை உடைக்கிறது. விளைவை உடனே பார்க்கலாம்: அந்தக் கூட்டலில் அழுத்தம், அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்காக வரும், ஒளிக்கதிர் மாதிரி. அண்டவியல் மாறிலிக்கு (மாறாத இருண்ட ஆற்றலுக்கு) வேண்டியதோ அழுத்தம் = மைனஸ் அடர்த்தி. அதாவது கணக்கிட்ட பொருளே வேறு. சமச்சீர் கெடாமல் கூட்டினால் விடை ஒவ்வொரு துகளின் நிறையின் நான்காம் அடுக்கில், ஒரு மடக்கையோடு வரும். அப்போது தப்பு 55 சுழி அளவுக்கு இறங்குகிறது. ஆறுதல் இல்லை: எலக்ட்ரான் ஒன்றை மட்டும் எடுத்தாலே அளந்ததைவிட 10³⁰ மடங்கு. பிளாங்க் அளவில் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வந்த சிக்கல் என்று சாக்குச் சொல்ல முடியாததும் அதனால்தான். எலக்ட்ரான் நமக்கு நன்றாகவே தெரிந்த துகள்.

5.3 × 10⁻¹⁰ எவ்வளவு சின்னது? நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஒன்று, குறுக்கே 20 அடி, ஆழம் 80 அடி என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 710 கன மீட்டர். அந்தக் கிணறு முழுக்க உள்ள இருண்ட ஆற்றலைத் திரட்டினால் 3.8 × 10⁻⁷ ஜூல். 2 மில்லிகிராம் கொசு ஒன்றை 2 சென்டிமீட்டர் தூக்கலாம். நிறையாகச் சொன்னால் கன மீட்டருக்கு மூன்றரை புரோட்டான்.

"ஈர்ப்பு வெற்றிடத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்று வைத்துவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் எளிதல்ல. அணுக்கருவின் மின்னாற்றலில் வெற்றிட முனைவாக்கத்தின் (தோன்றி மறையும் மின்னூட்ட ஜோடிகள் மின்புலத்தில் விலகி நிற்பதன்) பங்கு சிறிதளவு இருக்கிறது, அது அலுமினியத்துக்கும் பிளாட்டினத்துக்கும் வேறுபடும். அந்தப் பங்கு மட்டும் எடையில் சேராமல் போனால் இரண்டு உலோகங்களும் வேறு வேறு வேகத்தில் விழ வேண்டும். பழைய முறுக்குத் தராசுச் சோதனைகளே 10¹²இல் ஒரு பங்கு வரை வித்தியாசம் இல்லை என்கின்றன. டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்ட மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் 2022இல் 10¹⁵இல் ஒரு பங்குக்கே கொண்டுபோய்விட்டது. பொருளுக்குள் இருக்கும் வெற்றிட ஆற்றல் எடை போடுகிறது. வெறும் வெளியில் இருப்பது ஏன் போடவில்லை? சிக்கலின் கூர்முனை இதுதான். இதை நான்கு மாதத்தில் தீர்க்கப் போவதில்லை, ஆனால் முதல் அத்தியாயத்துக்கு நல்ல பொருள்.

ஆழியாறு:

ரெண்டு பேரும் செய்யக்கூடாததைச் சொல்லிட்டாங்க. செய்யக்கூடியது இதுங்க.

மாண்ட் இன்னும் மாண்டு போகலை. கேலக்ஸி அளவுல அதை உரசிப் பாக்கத் தரவு இலவசமாவே கிடைக்குது. ஸ்பார்க் தொகுப்பை இறக்கிக்கங்க. 175 கேலக்ஸி, ஸ்பிட்சர் தொலைநோக்கியோட 3.6 மைக்ரான் ஒளியளவு, கூடவே சுழற்சி வேகம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோப்பு: ஆரம், அளந்த வேகம், அதோட பிழை, பொறவு வாயு, விண்மீன் தட்டு, நடுவுல உப்பி நிக்கற குமிழ் மூணுக்கும் தனித்தனி வேகம். "இந்தப் பொருள் மட்டும் இருந்தா வேகம் எவ்வளவு"ங்கறது தான் அந்தக் கடைசி மூணும்.

சறுக்கற இடங்களை மொதல்லயே சொல்லிடறேன். தட்டு, குமிழ் வேகங்கள் நிறை-ஒளி விகிதம் (சூரிய அலகுல, ஒளிக்கு எவ்வளவு நிறைங்கறது) 1ன்னு வெச்சுப் போட்டவை. வேகத்தை இரண்டாம் அடுக்குக்குக் கொண்டுபோன பிறகு தட்டை 0.5ஆலயும் குமிழை 0.7ஆலயும் பெருக்கோணும். வாயுவுல ஹீலியத்துக்கான 1.33 ஏற்கெனவே சேந்திருக்கு, மறுபடி பெருக்காதீங்க. சில கேலக்ஸியில நடுப்பக்கம் வாயு வேகம் மைனஸ்ல இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. நடுவுல வாயு குறைஞ்சு வெளி வளையத்துல எச்சா இருந்தா, அந்த வளையம் வெளிப்பக்கமா இழுக்கும். நேரா வர்க்கம் பண்ணினா மைனஸ் காணாமப் போயிரும். வேகத்தை அதோட மட்டு மதிப்பால பெருக்குங்க, குறி தங்கும்.

அலகு. வேகம் கி.மீ/வி, ஆரம் கிலோபார்செக். வேகத்தோட வர்க்கத்தை ஆரத்தால வகுத்து வர்ற எண்ணை 3.24 × 10⁻¹⁴ஆல பெருக்கினா மீ/வி². அந்த அலகுல மில்க்ரோம் முடுக்கம் ஏறக்குறைய 3,700. இந்த 3,700ஐ ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டி வையுங்க, பாதித் தப்பு அங்கயே மாட்டும்.

வடிகட்டறது: சாய்வு (கேலக்ஸித் தட்டு நம்ம பார்வைக்குச் சாய்ஞ்சிருக்கற கோணம்) 30 டிகிரிக்குக் கீழே இருந்தா விடுங்க, தரக்குறி 3ன்னு (மோசமான தரவு) இருந்தா விடுங்க, வேகப் பிழை 10%க்கு மேல இருக்கற புள்ளிகளை விடுங்க. 153 கேலக்ஸி, 2,693 புள்ளி மிஞ்சும். மெக்கா, லெல்லி, ஷோம்பர்ட் மூணு பேரும் 2016ல போட்ட படத்துல இருக்கற அதே எண்ணிக்கை. உங்க நிரல் சரியான்னு பாக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. சாய்வு ஏன் அவ்வளவு முக்கியம்னா, உண்மை வேகம் சாய்வோட சைனால வகுத்து வர்றது. 30ன்னு நினைச்சது நிஜத்துல 35ன்னா வேகம் 15% தப்பு, முடுக்கம் 32% தப்பு.

தொலைவுல ஒரு நயம் இருக்கு. பொருளை வெச்சுக் கணக்கிடற முடுக்கம் தொலைவு மாறினாலும் மாறாது, ஏன்னா வேக வர்க்கமும் ஆரமும் சேந்தே ஏறும். அளந்த முடுக்கம் மட்டும் தொலைவுக்குத் தலைகீழா மாறும். படத்துல ஒரு கேலக்ஸி முழுசும் அப்படியே மேலயோ கீழயோ தள்ளி நின்னா, ஈர்ப்பைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி தொலைவைப் பாருங்க.

பொருத்த வேண்டிய கோடு: அளந்த முடுக்கம் = பொருள் முடுக்கம் வகுத்தல் (1 கழித்தல் இ-யின் மைனஸ் வர்க்கமூலம் அடுக்கு); வர்க்கமூலத்துக்குள்ள பொருள் முடுக்கம் வகுத்தல் மில்க்ரோம் முடுக்கம். ஒரே ஒரு எண் தான் பொருந்தோணும், அது 1.2 அருகில வரோணும். அச்சுல வந்த முடிவுல தற்செயல் பிழை 0.02, முறைப்பிழை 0.24; நிறை-ஒளி விகிதம் எவ்வளவுன்னு உறுதியாத் தெரியாததால தான் ரெண்டாவது அவ்வளவு பெருசு. அதனால வாயு எச்சா இருக்கற கேலக்ஸிகளைத் தனியாப் பிரிச்சு ஒரு தடவை ஓட்டுங்க. டிடிஓ 154 அப்படி ஒண்ணு. வெளிப்பக்கம் வேகம் 47 கி.மீ/வி, நான்காம் அடுக்கு எடுத்து, ஜி-யையும் மில்க்ரோம் முடுக்கத்தையும் பெருக்கினதால வகுத்தா சூரியனைப் போல 31 கோடி மடங்கு நிறை. வாயுவை எண்ணினா ஏறக்குறைய அதே வருது. விண்மீன் ஒளியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொரு கேலக்ஸிக்கும் மில்க்ரோம் முடுக்கத்தைத் தனித்தனியா அவிழ்த்து விடாதீங்க. 2018ல அப்படிச் செஞ்சு "அது பொது மாறிலியே இல்லை"ன்னு ஒரு தரப்பு சொல்லிச்சு. தொலைவு, சாய்வு பிழைகளைக் கணக்குல எடுத்த விதம் சரியில்லைன்னு மறு தரப்பு வாதம். ரெண்டையும் படிச்சுட்டு இறங்குங்க, அந்தச் சண்டையே உங்களுக்கு ஒரு அத்தியாயம்.

காத்தாலைக்காரன்:

ஆழியாறு சொன்னதோட நிறுத்திட்டா வைவாவுல மாட்டுவீங்க. கேலக்ஸிக்கு வெளியே மாண்ட் நொண்டுதுங்கறதையும் எழுதோணும். கேலக்ஸிக் கொத்துகள்ல மாண்ட் போட்டாலும் நிறை பாதி போலக் குறையுது. ரெண்டு கொத்து மோதிக்கிட்ட புல்லட் கொத்துல சூடான வாயு ஒரு பக்கம், ஒளி வளையறதை வெச்சு நிறை எங்கேன்னு காட்டற ஈர்ப்பு வில்லையோட உச்சி இன்னொரு பக்கம். 2006ல வந்த அந்தப் படத்துக்கு மாண்ட் தரப்புல லகுவான பதில் இல்லை. அண்டப் பின்னணிக் கதிர்வீச்சுல மூணாவது உச்சி இன்னொரு இடி. அதைச் சமாளிக்கற சார்பியல் வடிவம் ஒண்ணை ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் ரெண்டு பேரும் 2021ல குடுத்தாங்க. குடுத்த விலை, கூடுதலா ரெண்டு புலம். கரும்பொருள் துகள் வேண்டாம்னுட்டு, அதே மாதிரி நடந்துக்கற புலத்தை உள்ளே விட்ட மாதிரித்தான் எனக்குத் தோணுது.

ஈர்ப்பலை ஒரே நாள்ல நிறைய கொள்கைகளை வழிச்சு எடுத்துருச்சு. 2017 ஆகஸ்ட் 17, ரெண்டு நியூட்ரான் விண்மீன் மோதல். 13 கோடி ஒளியாண்டு பயணத்துக்கு அப்புறம் ஈர்ப்பலையும் காமாக்கதிரும் 1.7 விநாடி வித்தியாசத்துல வந்து சேந்துச்சு. ரெண்டோட வேகமும் 10¹⁵ல ஒரு பங்குக்குள்ள ஒண்ணு. பெக்கன்ஸ்டைன் 2004ல குடுத்த மாண்ட் வடிவமும், ஈர்ப்போட கூடுதல் புலம் சேக்கற காலிலியான் வகையில சிக்கலான பாதியும் அதோட போச்சு. ஐன்ஸ்டைன் சமன்பாட்டுல வளைவு வர்ற இடத்தை மாத்தியமைக்கற எஃப்-ஆர் வகைக் கொள்கைகள் தப்பிச்சிருச்சு, அதுல ஈர்ப்பலை ஒளிவேகத்துலயே போகும். ஆனா சூரியக் குடும்பத்துக்குள்ள காசினி விண்கலம் 2003ல வெச்ச வரம்பு, லட்சத்துல ரெண்டு மூணு பங்கு, அதைத் தாண்டத் தன் விளைவை மறைச்சுக்க வழி வேணும்.

இருண்ட ஆற்றல் மாறிலியே தானாங்கறதும் இப்போ திறந்த கேள்வி. கேலக்ஸிகளை வரைபடமாக்கி அண்டத்தோட விரிவை அளக்கற டெசி குழு 2025 மார்ச்சுல வெளியிட்ட முடிவுல, காலத்தோட மாறுற இருண்ட ஆற்றலுக்கு 2.8ல இருந்து 4.2 சிக்மா (தற்செயல் இல்லைங்கற உறுதியோட அளவு) வரை சாய்வு தெரியுது, எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேக்கறோம்ங்கறதைப் பொறுத்து. தொகுப்பு மாறினா முடிவும் இவ்வளவு மாறுதுன்னா, அதை வெச்சு வெற்றிடத்தைப் பத்தித் தீர்ப்பு எழுத அவசரப்படாதீங்க.

கோபிக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. வாயு கேலக்ஸிகள்ல ஆரம்பிக்கறேன். சோதனைக்கு என்ஜிசி 3198ங்கற கேலக்ஸியை ஓட்டிப் பாத்தேன். வெளிப்பக்கம் கோடு கொஞ்சம் மேல போகுது, உள்பக்கம் ரொம்பவே மேல போகுது. மில்க்ரோம் முடுக்கத்தைக் குறைச்சா வெளிப்பக்கம் சரியாகுது, உள்பக்கம் அசையவே மாட்டேங்குது. தொலைவுத் தப்பாங்ணா?

ஆழியாறு:

தொலைவு இல்லைங்க. தட்டை 0.5ஆல பெருக்க விட்டுப் போயிருக்கும். நிறை ரெண்டு மடங்கானா, உள்ளே நியூட்டன் ஆட்சியில வேகம் வர்க்கமூலத்துல ஏறும், 41%. வெளியே மாண்ட் ஆட்சியில நான்காம் மூலத்துல ஏறும், 19% தான். அங்கே வாயுவும் கூட இருக்கறதால இன்னும் குறைச்சல். உள்ளே பெருசா, வெளியே சிறுசா மேல போனா காரணம் இது தான். மில்க்ரோம் முடுக்கத்தைத் தொட்டது உள்ளே எடுபடாததும் அதனால தான், அந்த ஆரத்துல அது கணக்குக்கே வர்றதில்லை. 1.2க்கே திருப்பி வெச்சுட்டு, தட்டு வரியை வர்க்கம் பண்ணின *பிறகு* 0.5ஆல பெருக்குங்க. வர்க்கத்துக்கு முன்னாடி பெருக்கினா கால் பங்காயிடும், கோடு கீழே விழுந்துரும்.